ஒரு நல்ல ஷூவா, சுமாரான இரண்டு ஜோடியா?

சென்னையில் ஓடுகிறவர்களின் காலண்டர் கொஞ்சம் கோணலானது. ஊரின் பெரிய மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வரும். அதற்குப் பதினாறு வாரப் பயிற்சி என்று பின்னாலிருந்து எண்ணினால் செப்டம்பரில் போய் நிற்கும். கிலோமீட்டர் ஏற ஏற மழையும் கூடவே ஏறும். நீளமான ஓட்டங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல நவம்பரில், வடகிழக்குப் பருவமழை ஊரைக் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்து விழும். சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஷூ விமர்சனம் எழுதுகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

போன வருஷம் என்னிடம் இருந்தது ஒரே ஜோடி. ஒரு செவ்வாய்க்கிழமை அடையாறு பக்கம் ஓடும்போது மழையில் மாட்டி, ஷூவும் சாக்ஸும் தொப்பலாகி வீடு வந்தேன். பழைய பேப்பரைத் திணித்து ஃபேனுக்கு அடியில் வைத்தேன். புதன் முழுக்க மழை விடவில்லை, காற்றிலேயே ஈரம். வியாழன் விடிகாலை நாலரைக்குக் காலை விட்டால் உள்ளே இன்னும் சொதசொதவென்று இருந்தது. அதையே போட்டுக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் ஓடியதில் குதிகாலில் பெரிய கொப்புளம். பத்து நாள் ஓட்டம் போச்சு. சும்மா உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நாளில்தான் கேள்வி உருண்டு திரண்டது: கையில் பன்னிரண்டு, பதிமூன்றாயிரம் இருந்தால் பேர்போன ஷூ ஒன்று வாங்குவதா, அதே காசில் இரண்டு ஜோடி வாங்குவதா?

முதலில், எந்த ரகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். கார்பன் தகடு வைத்த பந்தய ஷூக்கள் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டு வேட்டி மாதிரி. அன்றைக்கு ஜோர், மறுநாள் மடித்து வைத்துவிட வேண்டும். தினசரிப் பயிற்சி ஷூ கைலி ரகம். மெதுவான ஓட்டம், நீள ஓட்டம், நடுவில் கொஞ்சம் வேகம், எல்லாவற்றுக்கும் அதுதான். தோற்றம், வேகம் எல்லாம் அடுத்த பட்சம். ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் காலைக் கெடுக்காமல் உழைக்க வேண்டும்.

என் மனதில் இருந்தவை ஐந்து: நைக்கி பெகாசஸ் 41, ஏசிக்ஸ் நோவாபிளாஸ்ட் 5, ஹோகா கிளிஃப்டன், பூமா வெலாசிட்டி நைட்ரோ 3, அப்புறம் டெகத்லான் கடையின் சொந்தச் சரக்கு.

பெகாசஸ் 1983 முதல் வருகிறது. இத்தனை வருஷம் ஒரு பெயர் நிலைத்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி, பெரிய சாகசம் எதுவும் செய்யாது, கவிழ்த்தும் விடாது. ரியாக்ட்எக்ஸ் என்று நைக்கி பெயர் வைத்த மெத்தை ஃபோமுக்குள் முன்பக்கம் ஒன்றும் குதிகாலில் ஒன்றுமாக இரண்டு காற்றுப் பைகள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் 10 மி.மீ. ஆண்கள் அளவில் எடை 280 கிராமைத் தாண்டும். காலடியில் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும்.

நோவாபிளாஸ்ட் அதற்கு நேர் எதிர்க் குணம். 2020இல் வந்த இளசு. ஐந்தாவது பதிப்பில் குதிகாலுக்கு அடியில் 41.5 மி.மீ. உயரம், வித்தியாசம் 8 மி.மீ., எடை சுமார் 255 கிராம். காலை வைத்தால் மெத்தென்று அமுங்கித் துள்ளும். உலகத் தடகள அமைப்பின் விதிப்படி சாலைப் பந்தய ஷூவின் உயரம் 40 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, ஆகவே சட்டப்படி பார்த்தால் இது தடைசெய்யப்பட்ட ஷூ! பதக்கத்துக்கு ஓடுகிறவர்கள்தான் அதற்குக் கவலைப்பட வேண்டும். அஞ்சரை மணிநேர மாரத்தான்காரரை யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப் போவதில்லை. எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடச் செலவாகும் சக்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும் என்பது பல ஆய்வுகளில் வந்த கணக்கு. அப்படியானால் இந்த இரண்டு ஷூவுக்கும் நடுவே இருக்கும் முப்பது, நாற்பது கிராமுக்கு அரைச் சதவீதம்கூடத் தேறாது. இடுப்பில் தொங்கும் தண்ணீர் பாட்டிலே அதைவிடக் கனம். தினசரி ஓட்டத்துக்கு எடையை வைத்து ஷூ தேர்ந்தெடுப்பது வீண் வேலை என்பது என் கட்சி.

கிளிஃப்டனில் கவனிக்க வேண்டிய விஷயம் பெயருக்குப் பின்னால் வரும் எண். ஒன்பதாவது பதிப்பில் உயர வித்தியாசம் 5 மி.மீ. பத்தாவதில் 8 மி.மீ. பெட்டியில் ஒரே பெயர்தான், கெண்டைக்காலுக்கு அது வேறு ஷூ. தள்ளுபடியில் பழைய பதிப்பை வாங்குவது நல்ல வழிதான், நானே கடைசியில் அதைத்தான் செய்தேன். ஆனால் ஏற்கெனவே போட்ட ஷூவின் பழைய பதிப்புதானே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் இந்த மாதிரி இடத்தில் இடறும்.

அந்த மில்லிமீட்டர் கணக்கு ஏன் முக்கியம்? குதிகால் உயரமாக இருந்தால் பாரம் முழங்கால் பக்கம் கொஞ்சம் போகும். தாழ்வாக இருந்தால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் கூடுதலாக உழைக்கும். எது நல்லது என்று கேட்டால் பதில் ஆளைப் பொறுத்தது. லக்சம்பர்க்கில் 553 பேருக்கு 10, 6, 0 மி.மீ. வித்தியாசம் உள்ள ஷூக்களைக் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். மொத்தத்தில் காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், எப்போதாவது ஓடுகிறவர்களுக்குத் தாழ்வான ஷூ ஒத்துப்போனது, தவறாமல் ஓடுகிறவர்களுக்கு அதுவே காயத்தைக் கூட்டியது. எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் பழைய வியாதி உண்டு. வாரம் நாலு நாள் ஓடுகிறேன். அதனால் 5 மி.மீ. கிளிஃப்டனை அங்கேயே ஓரம் கட்டினேன். முழங்கால் தொந்தரவு உள்ள என் நண்பர் ஒருவர் அதையேதான் தேடிப் பிடித்து வாங்கினார். சண்டை இல்லை.

இப்போது நம் ஊருக்கு ரொம்ப முக்கியமான இடத்துக்கு வருவோம்: அடிப்புறம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாள் காலை, முன்பு வைத்திருந்த ஒரு ஷூவில் (பெயர் வேண்டாம்) பெசன்ட் நகர் கடற்கரை நடைபாதையில் திரும்பினேன். தண்ணீர் நின்ற கல், மேலே மெல்லிசாக மணல். கால் பனிச்சறுக்கு மாதிரி போயிற்று. விழவில்லை, ஆனால் தொடை இழுத்துக்கொண்டது. ஓடிப் பழகியவர்களுக்கு இந்த இடங்கள் தெரியும்: வேகத்தடைமேல் அடித்திருக்கும் வெள்ளைப் பெயின்ட், பாதசாரிக் கோடுகள், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, பெட்ரோல் பங்க் வாசல், மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு. மழையில் இதெல்லாம் சோப்புத் தடவியது போல. மெத்தையாக இருக்கும் மிட்சோல் ஃபோமைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிறார்கள். தரையைத் தொடுவது என்னவோ அதற்கடியில் இருக்கும் இரண்டு, மூன்று மி.மீ. ரப்பர்தான்.

ஷூவைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் முழுக்கப் பரவியிருக்கிறதா, இல்லை எடையைக் குறைக்க ஆங்காங்கே ஒட்டுப் போட்டு நடுவில் ஃபோமை வெளியே விட்டிருக்கிறார்களா என்பது முதல் கேள்வி. வெளியே தெரியும் ஃபோம் ஈரத்தில் பிடிக்காது, சீக்கிரம் தேயவும் செய்யும். அடுத்து, ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி இழுத்தால் நல்லது. பிளாஸ்டிக் போல வழுக்கினால் அது நிறைய நாள் தேயாமல் உழைக்கும், ஆனால் ஈரத்தில் சறுக்கும். ஒட்டும் ரப்பர் சீக்கிரம் தேயும், உழைக்கும் ரப்பர் சறுக்கும். இரண்டையும் கேட்டால் காசு ஏறும்.

பூமா தன் ரப்பருக்கு பூமாகிரிப் என்றே தனிப் பெயர் வைத்து, வெலாசிட்டி நைட்ரோ மாதிரி நடுத்தர விலை ஷூவிலும் அதைப் போடுகிறது. ஈரத்தில் பிடிப்பு என்ற பேச்சு வந்தால் ஓட்டக்காரர்கள் வாயில் முதலில் வரும் பெயர்களில் இது ஒன்று. ஏசிக்ஸில் ஏசிக்ஸ்கிரிப் என்று ஒட்டும் ரப்பர் தனியே உண்டு, ஆனால் அது மேல்தட்டு மாடல்களுக்கு. நோவாபிளாஸ்டில் இருப்பது உழைப்புக்காகச் செய்த வேறு ரகம். பெகாசஸின் அடிப்புறத்தில் இருக்கும் கட்டம் கட்டமான வடிவத்துக்கு ஒரு கதை உண்டு. 1971இல் நைக்கியின் நிறுவனர்களில் ஒருவரான பில் பௌவர்மன் தன் மனைவியின் வாஃபிள் சுடும் இரும்பில் ரப்பரை ஊற்றிப் பார்த்ததில் பிறந்தது அது. நம் ஊராக இருந்திருந்தால் பணியாரக் கல் போயிருக்கும், அன்றைக்கு வீட்டில் ரகளையும் நடந்திருக்கும்.

மேல்துணியும் மழைக்கு முக்கியம். தடிமனாகப் பின்னிய துணி காலுக்கு இதமாக இருக்கும், தண்ணீரையும் பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொள்ளும். கடையில் ஷூவைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். விரல் நிழலாகத் தெரிந்தால் காற்றும் போகும், தண்ணீரும் வடியும். நாக்குப் பகுதியில் மெத்தை அதிகம் வைத்தவை காய்வதற்கு இரண்டு நாள் கேட்கும். மழை இல்லாத மே மாதத்திலும் இந்தச் சோதனை உதவும். அப்போது நனைப்பது நம் வியர்வை.

அளவு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறோம். இங்கே யூ.கே. எண்ணைச் சொல்லித்தான் ஷூ கேட்போம். ஆனால் அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 27 செ.மீ. பாதத்துக்கான ஆண்கள் ஷூவை நைக்கியும் ஏசிக்ஸும் யூ.கே. 8 என்கின்றன, அடிடாஸ் அதையே எட்டரை என்கிறது. நாக்கின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் செ.மீ. அளவு இருக்கும், அதை மட்டும் ஒப்பிடுங்கள். சாயங்காலம் போய், ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பகல் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், நம் வெயிலில் இருபதாவது கிலோமீட்டரில் இன்னும் வீங்கும். நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துக் கழன்று வரும். செருப்பிலேயே வளர்ந்த நம் கால்கள் பலருக்கு முன்பக்கம் விரிந்திருக்கும். அகலமான ரகங்கள் கம்பெனி பட்டியலில் இருக்கின்றன, கடை அலமாரியில் அபூர்வம். ஷூவுக்குள் கால் பதியும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நின்று பாருங்கள். சுண்டுவிரல் வெளியே வழிந்தால் அது உங்கள் ஷூ இல்லை, எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

ஒரு கடையில் நான் பத்தடி நடந்ததைப் பார்த்துவிட்டு அங்கிருந்த தம்பி, "சார், உங்க கால் உள்பக்கம் சாயுது. சப்போர்ட் ஷூதான் போடணும்" என்று மூவாயிரம் கூடுதலான ஒன்றை எடுத்து நீட்டினார். அவர்மேல் தப்பில்லை, அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் 927 புது ஓட்டக்காரர்களுக்கு, கால் எப்படிச் சாய்ந்தாலும் சரி என்று ஒரே வகைச் சாதாரண ஷூவைக் கொடுத்து ஒரு வருஷம் கவனித்தார்கள். மிதமாக உள்பக்கம் சாய்கிறவர்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. ஏற்கெனவே வலி இருந்து மருத்துவர் சொல்லியிருந்தால் அது வேறு. மற்றவர்கள் இந்தப் பேச்சைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம்.

மெத்தை அதிகமா குறைவா என்பதிலும் ஆய்வு உண்டு. 848 பேருக்கு வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஷூ. ஒன்றில் மிருதுவான மிட்சோல், மற்றதில் கெட்டி. கெட்டியானதைப் போட்டவர்களுக்குக் காயம் கூடுதலாக வந்தது. வேடிக்கை என்னவென்றால், மிருதுவான ஷூ ஒல்லியானவர்களுக்குத்தான் அதிகம் உதவியது. கனமானவர்களுக்கு மெத்தை வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததற்கு நேர்மாறு.

சரி, காசுக்கு வருவோம். இந்தப் பேர்போன தினசரி ஷூக்களின் புதுப் பதிப்பு இங்கே பத்தாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் நடுவில் இருக்கும். பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்று வாங்கி அறுநூறு கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய். வாரம் நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்குப் பதினைந்து வாரத்தில் தீர்ந்துவிடும். செப்டம்பரில் வாங்கினால் மாரத்தான் அன்றைக்கு அது ஓய்வு கேட்கும் ஷூ. டெகத்லானில் நாலாயிரத்துக்கு வாங்கும் ஷூ நானூறு கிலோமீட்டர் வந்தாலே கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்தான். அதன் ஃபோமில் துள்ளல் கிடையாது, உண்மை. ஆனால் ஆறு கிலோமீட்டர் மெதுவோட்டத்தில் துள்ளி என்ன ஆகப்போகிறது? அந்தக் கடையின் ஓட்டச் சரக்குக்கு ரொம்ப நாள் கலெஞ்சி என்று பெயர், கென்யாவின் கலெஞ்சின் மக்களை நினைத்து வைத்தது. மாரத்தான் மன்னன் எலியுட் கிப்சோகே அந்த இனத்தவர்தான். அவர் போடுவது என்னவோ நைக்கி.

இரண்டு ஜோடிக்குப் பக்கபலமாக ஒரு ஆய்வையும் சொல்ல வேண்டும். அதே லக்சம்பர்க் குழு 264 பேரை 22 வாரம் பின்தொடர்ந்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூவை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் படும் அபாயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரேயடியாக நம்பிவிட வேண்டாம். யார் எத்தனை ஜோடி போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை அது, அவரவர் வழக்கத்தைக் கவனித்தது மட்டும்தான். மாற்றிப் போடுகிறவர்கள் இயல்பிலேயே கவனமானவர்களாக இருக்கலாம். ஆனாலும் நியாயம் புரிகிறது: ஒவ்வொரு ஷூவும் காலை வேறு வேறு இடத்தில் உழைக்க வைக்கும், ஒரே இடத்தில் தினமும் அடி விழாது.

இதெல்லாம் இல்லாவிட்டாலும் எனக்கு அந்த ஈரம் ஒன்றே போதுமான காரணம். நவம்பரில் நனைந்த ஷூவுக்கு முழுதாய் இரண்டு நாள் வேண்டும். அவசரப்பட்டு வெயிலிலோ, காருக்குள்ளோ வைத்தால் பசை விட்டு, ஃபோம் சுருங்கி, ஷூ சீக்கிரம் சாகும்.

கடைசியில் நான் செய்தது இது. நோவாபிளாஸ்டைக் கடையில் போட்டு ஓடிப் பார்த்தபோது மனசு அதன்மேல்தான் போயிற்று, மறைக்கவில்லை. மழையே இல்லாத ஊரில் ஒரே ஜோடிதான் வாங்க வேண்டும் என்றால் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் என் பயிற்சி மழையில். வெலாசிட்டி நைட்ரோ 3 அதற்குள் பழைய பதிப்பாகித் தள்ளுபடிக்கு வந்திருந்தது, ஏழாயிரத்துக்குச் சற்று மேல். 10 மி.மீ. வித்தியாசம் என் கெண்டைக்காலுக்குச் சரி. கூடவே டெகத்லானில் ஒரு ஜோடி. இரண்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டைத் தாண்டவில்லை. ஞாயிறு நீள ஓட்டத்துக்கும் மழைநாளுக்கும் முதலாவது, நடுவார மெதுவோட்டத்துக்கு இரண்டாவது.

வாரம் இரண்டு நாள், மொத்தம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடுகிறவர் இவ்வளவு யோசிக்க வேண்டாம், ஒரே ஜோடி போதும். ஓட்டங்களுக்கு நடுவே அது தானாகக் காய்ந்துவிடும். பெகாசஸோ, காலுக்குப் பொருந்தும் வேறு எதுவோ வாங்கலாம். இப்போதுதான் தொடங்குகிறவர் என்றால் டெகத்லான் ஜோடியோடு மூன்று மாதம் ஓடிப் பாருங்கள். அதன் அடிப்புறத்தில் எந்தப் பக்கம் முதலில் தேய்கிறது, கால் எங்கே வலிக்கிறது என்று பார்த்தால் அடுத்த ஷூவை எந்தக் கடைக்காரரையும்விட நீங்களே நன்றாகத் தேர்ந்தெடுப்பீர்கள். வேகமாக முன்னேறுகிற இளவட்டங்களுக்கு என் கணக்கு ஒத்துவராது. அவர்களுக்கு அந்தத் துள்ளல் வேண்டியிருக்கும், வாங்கட்டும்.

இந்த நவம்பரில் ஒரு ஜோடி வாசலில் தயாராக நின்றால் இன்னொன்று ஃபேனுக்கு அடியில் வாய் நிறையப் பேப்பரோடு படுத்திருக்கிறது. எடைக்குப் போட வைத்திருந்த பேப்பர் எல்லாம் எங்கே போகிறது என்று வீட்டில்தான் தினமும் கேள்வி.